மூன்றாம் மாடிக்கு வந்த கடல்

செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கடல் உள்வாங்கியது. அழுகை கலந்த ஒரு பெண் குரல். காசிமேட்டில் கடல் அரைக் கிலோமீட்டர் உள்ளே போய்விட்டதாம், படகெல்லாம் தரை தட்டி நிற்கிறதாம், போலீஸ்காரர்கள் வீடு வீடாக வந்து காலி பண்ணச் சொல்கிறார்களாம், தெரிந்த எல்லா குரூப்புக்கும் அனுப்பச் சொல்லி முடிந்தது அந்த ஒலிப்பதிவு. நாங்கள் இருக்கும் கல்மண்டபத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரம். ஒருத்தர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். யாரும் போகவில்லை. எல்லாரும் அனுப்பினார்கள்.

மூன்றாம் மாடிப் பெரியவரைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கொசு மருந்து விவகாரத்தில் வார்டு அலுவலகத்தையே கலங்கடித்தவர். அவர் பாஸ்புக், பென்ஷன் காகிதம், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். கீழே தரைத்தளத்தில் இஸ்திரி போடுகிற குடும்பம் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு குறட்டை விட்டது. கடல் வந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கும்.

எனக்கு எரிச்சல் அந்தக் குரல் பதிவின் மேல் இல்லை. மறுநாள் காலை அதே குழுவில் வந்து விழுந்த அறிவிப்புப் படத்தின் மேல்தான். மஞ்சள் எழுத்தில்: ‘வதந்திகளை நம்ப வேண்டாம். பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை.’ அவ்வளவுதான். கடல் இறங்கியதா இல்லையா? இறங்கியதென்றால் எவ்வளவு, ஏன்? யார் போய்ப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு? ஒன்றும் கிடையாது. இந்த வாக்கியத்தோடு எனக்குள்ள பகை இந்தப் பத்தியைவிட மூத்தது. வெள்ளத்துக்கும் இதே வாக்கியம், காய்ச்சலுக்கும் இதே வாக்கியம், வாயுக் கசிவுக்கும் இதே வாக்கியம். எழுதி வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றுகிறார்கள் போல.

காலையில் மார்க்கெட்டில் எனக்கு எப்போதும் சங்கரா நறுக்கித் தரும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அருவாமனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செவுளைப் பிய்த்துப் பூனைக்கு வீசிவிட்டு, “அமாவாச போய் ரெண்டு நாளு ஆவுது. தண்ணி வத்தத்தான் செய்யும். வத்துனா ஏறும். இதுக்குப் போயி இன்னாத்துக்கு சார் ராத்திரி பூரா முழிச்சினு கெடந்தீங்க?” என்றார். 2004 டிசம்பர் சுனாமியில் இந்த அக்கா வீட்டு வலையும் கட்டுமரமும் ஒரே காலையில் போயின. பயப்பட உரிமையுள்ளவர் இவர். பயந்ததோ, அந்தக் கடலை டிவியில் பார்த்த மாடிவாசிகள்.

இந்த இடத்தில் உளவியலாளர் ஜமுனா பிரசாத்தைக் கூப்பிடாமல் முடியாது. அவர் உள்ளே வந்தால் லேசில் போகமாட்டார் என்பது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரும் நேபாளமும் குலுங்கின. பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். முங்கேர் நகரம் தரைமட்டமானது. மற்றவர்கள் இடிபாட்டை அளந்துகொண்டிருந்தபோது, ஜமுனா பிரசாத் ஜனங்கள் பேசிக்கொண்டதைச் சேகரித்தார். 1935-ல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் அது கட்டுரையாக வந்தது. சேகரித்த சரக்கைப் பாருங்கள்: பாட்னாவுக்குப் பெரும் புயல் வரப்போகிறது. சந்திர கிரகணத்தன்று இன்னொரு பூகம்பம் வரும். நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் பாய்ந்து வருகிறது. பிப்ரவரி 26-ம் தேதி பிரளயம். தேதி போட்டுப் பிரளயம் சொல்கிற நம்மூர் ஜோசியர்களுக்குப் பீகாரில் பங்காளிகள் இருந்திருக்கிறார்கள்.

இந்தப் பேச்சுகளைப் பரப்பியவர்களில் பெரும்பாலானோர் வீடிழந்தவர்களோ பிள்ளையைப் பறிகொடுத்தவர்களோ இல்லை. அதிர்ச்சியை உணர்ந்தார்கள், சேதத்தைப் பார்க்கவில்லை. கால் கீழே பூமி ஆடியது, உடம்பு வெடவெடத்தது. வெளியே ஓடி வந்து பார்த்தால் கூரையில் ஒரு ஓடுகூடச் சரியவில்லை.

ஜமுனா பிரசாத்தின் கட்டுரை அமெரிக்காவில் உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் கையில் கிடைத்தது. பயம் யாருக்கும் பிடிக்காது. அப்படியிருக்க, ஏற்கெனவே பயந்திருப்பவன் எதற்காக இன்னும் பெரிய பயத்தைத் தேடித்தேடிப் பேசுகிறான் என்ற கேள்வியில் அவர் சிக்கிக்கொண்டார். கடைசியில் கேள்வியைத் தலைகீழாக்கினார். அந்தப் பேச்சு பயத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட பயத்துக்கு அது நியாயம் சொல்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கண்ணெதிரே காரணம் இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் உறுத்துகின்றன. புயல் வரப்போகிறது என்று ஒருவன் சொன்னதும் ‘அதானே பார்த்தேன்’ என்று மனசு ஆறுகிறது. 1957-ல் அவர் புத்தகமாகப் போட்ட ‘காக்னிட்டிவ் டிசொனன்ஸ்’ என்ற கொள்கைக்கு இங்கிருந்துதான் பொறி கிடைத்தது. 1950-ல் டார்ஜிலிங்கில் மலை சரிந்தபோது துர்கானந்த் சின்ஹா இதேபோலப் பேச்சுகளைச் சேகரித்தார். அங்கே ஜனங்கள் சாவையும் சேதத்தையும் நேரிலேயே பார்த்திருந்தார்கள். இனிமேல் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்ற கதைகள் அவர்களிடம் எழவில்லை. பயத்துக்குத் தேவையான காரணம் வாசலிலேயே கிடந்ததே.

உலகத்து உளவியல் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஃபெஸ்டிங்கர் இருக்கிறார். ஜமுனா பிரசாத் அடிக்குறிப்பில் இருந்தாலே பெரிது. இது என் நிரந்தரக் குறை. ஆசிரியர் ஒவ்வொரு தடவையும் வெட்டுகிறார், நான் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறேன்.

அதே பூகம்பத்துக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், பீகார் பேரழிவு தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தாகூர் கொதித்துப் போய் மறுப்பு எழுத, காந்தி அதைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். அவ்வளவு பெரிய சாவுக்கு அதன் அளவுக்கு ஒரு காரணம் தேடுகிற வேலையை மகாத்மாவும் விடவில்லை. மூன்றாம் மாடிப் பெரியவரை நான் கேலி செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கடற்கரைக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ‘எம்டன்’ என்ற ஜெர்மானியக் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. அரை மணி நேரத்துக்குள் நூற்று முப்பது குண்டு வரை பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றவைத்துவிட்டுப் போனது. செத்தவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். கப்பல் அதற்குள் இலங்கைப் பக்கம் போய்விட்டது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே அதன் கதையும் முடிந்தது. நம்மூர்ப் பேச்சு மட்டும் முடியவில்லை. அந்தக் கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் குறி காட்டினார் என்று இன்றும் மேடையில் முழங்குகிறார்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் வதந்திகளை வகை பிரித்த ராபர்ட் நாப் என்பவர் ஆசையில் பிறந்தவை, பயத்தில் பிறந்தவை, வெறுப்பில் பிறந்தவை என்று மூன்று கூறு போட்டார். எம்டன் திரும்பி வரும் என்று அன்றைக்கு ஊரை ஓடவைத்த பேச்சு இரண்டாம் ரகம். செண்பகராமன் சுத்தமான முதல் ரகம். வெள்ளைக்காரன் தொட்டி எரிந்தபோது நம்ம ஆள் ஒருவர் அதில் கைவைத்திருக்கக் கூடாதா என்ற ஆசை. நூறு வருஷம் தாண்டியும் அது நிற்கிறதென்றால் சும்மா இல்லை.

வதந்தி என்றாலே தெருவிலிருந்து வருவது, உண்மை என்றால் கோட்டையிலிருந்து வருவது என்று ஒரு எண்ணம் இருக்கிறதே, அதற்கு 1942 ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். 5-ம் தேதி ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். உடனே ஜப்பானியக் கடற்படை சென்னையை நோக்கி வருகிறது என்று அரசாங்கத்துக்கு ஒரு தகவல். ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் நிர்வாகம், அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. மிருகக்காட்சி சாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எந்தக் கடற்படையும் வரவில்லை. கேட்பாரற்ற வீடுகளும் செத்துப்போன சிங்கம் புலியும்தான் மிச்சம். 2004-லும் இதே கதை. சுனாமி வந்த நாலாம் நாள், டிசம்பர் 30 அன்று, மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய உள்துறை எச்சரிக்க, கடற்கரை முழுக்க ஜனம் ஓடியது. ஒரு வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் பேச்சை நம்பிய எச்சரிக்கை அது. சாயங்காலத்துக்குள் இன்னொரு மத்திய அமைச்சரே அதை அபத்தம் என்றார். எனக்குச் சங்கரா நறுக்கித் தரும் அக்காவும் அன்றைக்கு ஓடியவர்களில் ஒருவர். ‘வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்று அன்றைக்கு யார் யாரிடம் சொல்வது?

அப்புறம் எண்ணூர். 2017 ஜனவரி 28 விடிகாலையில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. துறைமுகத்தின் முதல் அறிக்கை, எண்ணெய் மாசு ஒன்றும் இல்லை என்றது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கறுப்புக் குழம்பு ஒதுங்கிய பிறகு அதைப் பிளாஸ்டிக் வாளியால் மொண்டு மொண்டு எடுத்தார்களே, அந்தப் படங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய் மிதக்கிறது என்று முதலில் சொன்ன மீனவன், அறிக்கையின்படி வதந்தி பரப்பியவன். 2023 டிசம்பர் 26 ராத்திரி, சுனாமி நினைவு நாளன்றே, பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சடைப்புமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். ஐம்பது பேர் போல ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்களை எழுப்பியது மூக்கும், பக்கத்து வீட்டுக் கூச்சலும். அந்த நேரத்தில் ஒருவன் ‘உறுதியான தகவல் வரட்டும்’ என்று படுத்திருந்தால் என்ன ஆகியிருப்பான்?

டமோட்சு ஷிபுதானி என்ற சமூக உளவியலாளர் இதைத்தான் 1966-ல் எழுதினார். ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே குற்றத்துக்காகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு முகாமில் அடைத்த ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். முள்வேலிக்குள் சொல்ல வேண்டியவர்கள் எதையும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் நம்ப முடியாது. ஆகவே ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து, சேர்ந்து உட்கார்ந்து, என்னதான் நடக்கிறது என்று தைத்துப் பார்ப்பார்கள். வதந்தி என்பது அவரைப் பொறுத்தவரை செய்தி கிடைக்காத இடத்தில் ஜனங்களே தயாரித்துக்கொள்ளும் செய்தி. சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம்.

தப்பானால் என்ன ஆகும் என்பதை 2018 மே மாதம் பார்த்தோம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற குரல் பதிவுகளால் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். போளூர் அருகே அத்திமூரில் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். நாப்பின் மூன்றாம் ரகம். பயத்தோடு வெறுப்பு சேர்ந்துகொள்ள, வழி தெரியாமல் நின்ற வெளியூர்க்காரர்கள் மேல் இறங்கியது. அமோனியா மூக்கைத் துளைத்தபோது ஓடிய கூட்டத்தையும் இந்தக் கூட்டத்தையும் ஒரே வார்த்தையால் திட்டினால் இரண்டும் புரியாமல் போகும்.

ஆல்போர்ட், போஸ்ட்மேன் என்ற உளவியலாளர்கள் 1947-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதை, அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது என்பதால் பெருக்கு. அதுதான் வதந்தியின் வேகம். கூட்டல் இல்லை, பெருக்கல். ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடை பூஜ்யம். காசிமேட்டில் கடல் என்பது கல்மண்டபத்துக்காரனுக்கு முக்கியமில்லாமல் போகாது. ஆக, பூஜ்யமாக்க முடிந்தது தெளிவின்மையை மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அதற்கு ஒருத்தரும் கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. சர்வே ஆஃப் இந்தியா ஒவ்வொரு வருஷமும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. சென்னையும் அதில் இருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சடித்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில்கூட நம் கடல் ஒரு மீட்டர் சுமார்தான் ஏறி இறங்கும். அந்த ஒரு வரியை, மணியோடும் மீட்டரோடும், கீழே ஒரு கையெழுத்தோடும் மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தால் எங்கள் குழு கால் மணி நேரத்தில் வழக்கமான தண்ணீர் லாரிச் சண்டைக்குத் திரும்பியிருக்கும்.

போன வாரம் வாக்குக் கொடுத்த ராயபுரம் ரயில் நிலையக் கட்டுரைக்கு இந்த வாரமும் இடமில்லை. 1856-லிருந்து நிற்கிற கட்டடம். இன்னொரு வாரம் நிற்கட்டும்.