கிடங்கு இங்கே, கணக்கு எங்கே?

சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர். அங்கே பெரிய பெரிய கிடங்குகள். நம் வீட்டுக்கு வரும் சோப்பும் பிஸ்கட்டும் இப்படிப்பட்ட கிடங்குகள் வழியாகத்தான் வருகின்றன.

தொழிலாளி ஒரு பெட்டியை எடுக்கிறார். பெட்டியில் உள்ள பார்கோடு மீது கைக்கருவியைக் காட்டுகிறார். "பீப்" என்று சத்தம் வர வேண்டும். வந்தால்தான் அடுத்த பெட்டி!

முன்பு கணக்கு வைக்கும் கம்ப்யூட்டர் கிடங்கிலேயே ஓர் அறையில் இருந்தது. இப்போது பல கம்பெனிகள் கணக்கைக் "கிளவுட்"டுக்கு மாற்றுகின்றன. கிளவுட் என்றால் மேகம். ஆனால், கணக்கு மேகத்தில் இல்லை. வேறோர் ஊரில், பெரிய கட்டிடத்தில் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் வாடகைக்கு இடம் பிடிக்கிறார்கள். அவ்வளவுதான்!

இதில் நன்மை உண்டு. சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். தீபாவளி நேரத்தில் வேலை பெருகினால், கூடுதல் இடம் எடுத்துக் கொள்ளலாம்.

ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கிறதே!

செய்தி கண்ணாடி இழைக் கேபிளில் ஒளியாக ஓடுகிறது. வேகம், விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர். ஆனாலும், ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால், சென்னையில் இருந்து மும்பை போய்த் திரும்ப 10 கூறாவது ஆகும். அமெரிக்காவில் உள்ள வர்ஜீனியாவுக்கு 130 கூறுக்கு மேல் ஆகும்.

இது என்ன பெரிய தாமதம் என்கிறீர்களா? கணக்குப் பாருங்கள்.

"இது என்ன சரக்கு? எந்த அடுக்கு? எத்தனை பாக்கி?" இப்படி ஒரு பெட்டிக்கு 20 கேள்வி போவதாக வைத்துக் கொள்வோம். ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்தது. வர்ஜீனியா என்றால், பெட்டிக்கு இரண்டரை விநாடிக்கு மேல் போய்விடும். நாளுக்கு 1,000 பெட்டி என்றால், 43 நிமிடம் வீண்! மும்பை என்றால், மூன்று நிமிடம் சொச்சம்தான்.

மாலையில், "ஏன் வேலை குறைந்தது?" என்று மேஸ்திரி கேட்பார். தொழிலாளி என்ன சொல்வார்? குற்றம் அவருடையதா? இல்லை. தூரத்தின் குற்றம்!

ஆகவே, கிட்டத்தில் உள்ள நிலையத்தைத் தேடுங்கள். 2015-ல் மைக்ரோசாப்ட் சென்னையிலும், 2016-ல் அமேசான் மும்பையிலும் கிளவுட் நிலையங்களைத் திறந்தன. 20 கேள்விகளையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும்படி புரோகிராமைத் திருத்துங்கள்.

கிடங்கிலும் ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கட்டும். 2008 ஜனவரியில், எகிப்து அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவில் இன்டர்நெட் தடுமாறியது. லைன் போனாலும் வேலை நிற்கக் கூடாது அல்லவா?

முதலாளிகளே! வாடகை எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்காதீர்கள். மாற்றும் முன், ஒரு வாரம் தொழிலாளியின் கையில் கருவியைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். "பீப்" உடனே கேட்டால் மாற்றுங்கள். கேட்கவில்லை என்றால், பொறுங்கள். தொழிலாளியின் நேரத்துக்கும் விலை உண்டு!