நண்பகலில் தட்டிய கதவு



ஓமன் நாட்டின் கிழக்குக் கரையில், மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், சூர் என்னும் பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பணியில் ஆறாண்டுகள் இருந்தோம். ஊர் திரும்பிய பின்னர் பலரும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்த நாட்டு மக்கள் எப்படி, ஹழ்ரத்?"

இக்கேள்விக்கு முதலாம் ஆண்டில் நாம் அளித்த விடை வேறு. இன்று அளிக்கும் விடை வேறு. முதல் விடை தவறானது என்பதோடு, பாவமானதும் ஆகும். அதனால்தான் இதனை எழுதுகிறோம்.

நாம் குடியிருந்த அறை, முதிய மீனவர் ஒருவரின் வீட்டுக்குப் பின்புறம் இருந்தது. ஒரு ஜூலை மாதத்தில் தண்ணீர் மோட்டார் பழுதாகிவிட்டது. பகல் இரண்டு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவருடைய மகன் வந்து, "வாப்பா உறங்குகிறார், அஸருக்குப் பின் வாருங்கள்" எனப் பணிவாகவே கூறினார். நமக்கோ அது அவமதிப்பாகத் தோன்றியது. அன்றிரவு குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினோம்: "இவர்கள் பாதி நாளை உறங்கியே கழிப்பவர்கள். எண்ணெய் மட்டும் இல்லையென்றால் இவர்கள் நிலை என்ன ஆகும்?" அறைத் தோழர்களும் இரவுச் சாப்பாட்டின்போது தத்தம் பங்குக்குப் பேசினார்கள், சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

இத்தனைக்கும் அன்று அஸருக்குப் பின் அம்முதியவர் கருவிப் பெட்டியுடன் தாமே வந்து மோட்டாரைச் சரிசெய்து கொடுத்திருந்தார். ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழமும் கொண்டுவந்திருந்தார். அதைத் தின்றுகொண்டேதான் அந்தக் குரல் பதிவை அனுப்பினோம்.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் சுப்ஹுத் தொழுகை முடிந்து கடற்கரைப் பக்கம் நடந்தோம். ஃபைபர் படகிலிருந்து சூரை மீன்களை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் அம்முதியவரும் இருந்தார். நள்ளிரவு கடந்த சிறிது நேரத்திலேயே கடலுக்குப் போனவர் அவர். படகிலேயே சுப்ஹுத் தொழுதுவிட்டுக் கரை சேர்ந்திருந்தார். நாம் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உழைத்துவிட்டு, நாம் விழித்திருக்கும் நேரத்தில் அவர் உறங்கியிருக்கிறார். நம்மைக் கண்டதும் ஸலாம் கூறி, ஒரு மீனை எடுத்து நம் கையில் கொடுத்தார். அந்த மீனின் கனத்தை இன்றளவும் மறக்க இயலவில்லை.

அக்கரையின் வெயிலை அறியாதவர்கள் அங்குள்ளோரின் நண்பகல் உறக்கத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்குதல் ஆகாது. மஸ்கட்டுக்கும் சூருக்கும் இடைப்பட்ட குரய்யாத் என்னும் கடலோர ஊரில், 2018 ஜூன் 26 அன்று இரவு பகல் முழுவதிலும் வெப்பம் 42.6 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12.30 முதல் 3.30 வரை திறந்த வெளியில் தொழிலாளரை வேலை வாங்கலாகாது என்று அந்நாட்டு அரசே விதி செய்திருக்கிறது. பகலை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஓய்ந்து, இரவின் குளிர்ந்த நேரத்தில் உழைப்பது அம்மண்ணின் அறிவு. ஸஹாபாப் பெருமக்கள் ஜும்ஆ நாளில் தொழுகைக்குப் பின்னரே பகலுணவும் கைலூலாவும் கொண்டதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அந்தக் கைலூலாவுக்குத்தான் நாம் சோம்பல் என்று பெயர் வைத்தோம்.

நம்மை இதைவிடவும் சுட்ட செய்தி ஒன்று உண்டு. அந்நாள்களில் மாணவர்களுக்கு ஸூரத்துந் நூர் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுப் பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே நுழைய வேண்டிய மூன்று நேரங்களை அல்லாஹ் அந்த ஸூராவில் கூறுகின்றான். அவற்றுள் ஒன்று, மனிதர்கள் ஆடையைக் களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல். அதே ஸூராவில், ஒரு வீட்டார் திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும், அதுவே நமக்குத் தூய்மையானது என்றும் கற்பிக்கின்றான். காலையில் இந்த வசனங்களுக்கு விளக்கம் கூறியவரே நண்பகலில் கதவைத் தட்டினார். திரும்பிப் போகச் சொன்னதற்காகச் சினந்தார். அந்த வசனங்களின்படி வாழ்ந்தது அம்மீனவர் குடும்பம். அவற்றைப் பாடமாக நடத்தியது மட்டுமே நாம்.

அதன் பின்னர் வேறு பலவற்றையும் புதிதாகப் பார்க்கலானோம். அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் ஸலாமோடு நிற்பதில்லை. உடல்நலம், பெற்றோர், பிள்ளைகள், ஊர்ச் செய்தி என ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் "அல்ஹம்துலில்லாஹ்" என்ற மறுமொழியைப் பெற்ற பின்னரே வந்த காரியத்தைத் தொடுவார்கள். ஏலம் மணக்கும் காவாவைச் சிறு கிண்ணத்தில் சிறிதளவே ஊற்றித் தருவார்கள். போதும் என்று கிண்ணத்தை அசைத்துக் காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இது காலத்தை வீணாக்குதல் என்று முன்னர் எண்ணினோம். நம் தெருவில் மூன்றாம் வீட்டில் நோயுற்றுக் கிடப்பவரைப் பற்றி ஜனாஸா அறிவிப்பின்போதுதான் அறிந்துகொள்கிறோமே, நாம் மிச்சப்படுத்திய அந்தக் காலம் எங்கே போயிற்று?

அங்குள்ள பள்ளிவாசல்களில் இபாழிகளும் ஸுன்னிகளும் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். ஒருவர் கைகளைக் கட்டுகிறார். அடுத்தவர் தொங்க விடுகிறார். ஒருவர் ஆமீன் கூறுகிறார், அடுத்தவர் கூறுவதில்லை. தொழுகை முடிந்ததும் இருவரும் முஸாபஹா செய்துகொள்கிறார்கள். கொள்கை வேறுபாட்டை அவர்கள் மறந்துவிடவில்லை. அதைப் பள்ளிவாசலின் பூட்டாக மாற்றவில்லை, அவ்வளவே. பூட்டிய பள்ளிவாசல்களையும் நீதிமன்றப் படிகளையும் கண்ட நம் ஊர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சூரைச் சேர்ந்த மலைப்பகுதியில் 'ஃபலஜ் அல்ஜீலா' என்னும் நீர்க்கால்வாய் உண்டு. யுனெஸ்கோ 2006ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக ஏற்ற ஓமனின் ஐந்து ஃபலஜ்களுள் அதுவும் ஒன்று. ஊருக்குள் வரும் நீர் முதலில் குடிப்பதற்கு. அடுத்துப் பள்ளிவாசலுக்கும் வீட்டுத் தேவைகளுக்கும். அதன் பின்னரே பேரீச்சந்தோட்டங்களுக்கு. தோட்டக்காரர்கள் நீரைக் கால அளவால் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முன்னோர்கள் பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து அந்த முறையைக் காத்தார்கள். மழை அரிதான மண்ணில் அடுத்தவர் பங்கைத் தொடாமல் வாழ்ந்த ஒரு சமுதாயத்தைச் சோம்பேறிகள் என ஒரு சொல்லில் அடக்க முற்பட்டோமே என வெட்கினோம்.

"அப்படியானால் அங்கே குறையே இல்லையா?" எனச் சிலர் கேட்பார்கள். உண்டு. உழைத்தவருக்குக் கூலியை இழுத்தடிப்போர் அங்கும் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் முதலாளிகளால் கண்ணீர் விட்ட நம் சகோதரர்களையும் அறிவோம். அநீதி இழைக்கப்பட்டவர், அதைத் தீர்த்துவைக்கக் கூடியவரிடம் முறையிடுவது புறம் ஆகாது என்பது உலமாக்களின் தெளிவான தீர்ப்பு. இழைத்தவர் பெயரைச் சொல்லி உரியவரிடம் முறையிடுவது வேறு. ஒருவர் செய்த தவற்றை ஒரு நாட்டார் அனைவர் மீதும் சுமத்தி, சோற்றுத் தட்டைச் சுற்றி அமர்ந்து சிரிப்பது வேறு. முன்னது உரிமை. பின்னதைச் சகோதரனின் இறந்த உடலைத் தின்பதற்கு ஒப்பாகக் குர்ஆன் காட்டுகிறது. பத்துக்குப் பத்து அறையில் வாழும் நம் பயணக்காரர்களுக்கு அந்த இரவுப் பேச்சுதான் பொழுதுபோக்கு. ஆயினும் பிள்ளைகளுக்காக ஊரையும் உறவையும் பிரிந்து சேர்க்கும் நன்மைகளை அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கோ எழுதிக்கொடுத்துவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புறம் பேசியவர், பேசப்பட்டவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என உலமாக்களில் ஒரு சாரார் கூறுவர். சொல்வதால் அவர் மனம் மேலும் புண்படுமானால், அவருக்காக துஆ செய்து, எந்த அவையில் குறை கூறினோமோ அதே அவையில் அவருடைய நிறையைக் கூற வேண்டும் என மற்றொரு சாரார் கூறுவர். நாம் இரண்டாம் வழியை மேற்கொண்டோம். அந்தக் குரல் பதிவைக் கேட்ட உறவினர்களும் மாணவர்களும் இப்பக்கத்தைப் படிப்பவர்கள். உங்களிடம்தான் அன்று குறை கூறினோம். உங்களிடமே இன்று இதைக் கூறுகிறோம்.

ஊர் திரும்புமுன் அம்முதியவரிடம் விடைபெறச் சென்றோம். அஸருக்குப் பின்னரே சென்றோம். காவா ஊற்றிக்கொண்டே அவர் கூறினார்: "என் தந்தை தேக்கு வாங்க மலபாருக்குக் கப்பலில் போனவர். காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் உங்கள் நாட்டுக் கரையில் தங்குவார். அங்கே யாரும் அவரை அந்நியராக நடத்தவில்லை என்று சொல்வார்."

இன்று நம் ஊர்களிலும் அந்நியர்கள் இருக்கிறார்கள். பீஹாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் நம் வீடுகளைக் கட்டுகிறார்கள். நம் உணவகங்களில் பரிமாறுகிறார்கள். ஜும்ஆவில் நம் பின் ஸஃப்பில் நிற்கிறார்கள். அவர்களும் இரவில் தம் தாயாரிடம் தொலைபேசியில் நம்மைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் பேச்சில் நாம் எப்படிப்பட்ட மக்களாக இருக்கிறோம்? வரும் வெள்ளிக்கிழமை அவர்களில் ஒருவரையேனும் வீட்டுக்கு அழைத்து, ஊர், பெற்றோர், பிள்ளைகள் என ஒவ்வொன்றாக நலம் கேட்டு, ஒரு வேளை உணவளிப்போமாக.

பிறர் குறை தேடும் கண்ணிலிருந்தும், உண்ட வீட்டைப் பழிக்கும் நாவிலிருந்தும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காத்தருள்வானாக. ஆமீன்.