சத்தியப் பிரமாணமும் ஒரு பாதிரியாரும்

பாதிரிமாரைப் புகழ்ந்து எழுதுவது நமது வழக்கமல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனாலும், இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்தில் தாமஸ் கென் என்கின்ற ஒரு பாதிரியாருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது, அவருடைய கொள்கை சுத்தத் தப்பு என்றும், ஆனால் மனிதர் யோக்கியர் என்றும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டியதாய் இருக்கின்றது. கொள்கை வேறு, நாணயம் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்கப் பழகாதவர்களுக்காகவே இதை எழுதுகின்றோம்.

கென் பிறந்தது 1637-ல். ஆக்ஸ்போர்டில் படித்துப் பாதிரியானார். 1679-ல் ஆலந்து தேசத்து ஹேக் நகரில், ஆரஞ்சு வில்லியத்தின் மனைவியான மேரிக்குக் குருவாய் இருந்தார். அங்கேயும் மனதில் பட்டதைச் சொல்லி வில்லியத்தின் கோபத்தைச் சம்பாதித்துக் கொண்டுதான் திரும்பினார். பிறகு, இரண்டாம் சார்லஸ் அரசன் வின்செஸ்டருக்குப் பரிவாரத்தோடு வந்தபோது, அரசனுடைய ஆசைநாயகி நெல் க்வின் என்கின்ற நாடகக்காரிக்கு இவருடைய வீட்டை ஒழித்துக் கொடுக்கும்படி கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார். அரசனுடைய வைப்பாட்டிக்குப் பல்லக்குத் தூக்கத் தயாராய் எத்தனையோ பிரபுக்கள் காத்திருந்த காலம் அது. ஆனால் அந்தச் சார்லஸே, பாத் - வெல்ஸ் பிஷப் பதவி காலியானபோது, "நெல்லிக்கு இடம் கொடுக்காத அந்தக் குள்ளன் எங்கே?" என்று தேடி அவருக்கே கொடுத்ததாகச் சொல்லுகிறார்கள். 1685 ஜனவரியில் அவர் பிஷப்பானார்.

பிஷப்பான பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பன்னிரண்டு ஏழைகளைத் தம்முடன் உட்காரவைத்துச் சாப்பிட்டார். ஒரு சமயம் 4,000 பவுன் கைக்கு வந்தபோது அதில் பெரும் பகுதியைப் பிரெஞ்சு தேசத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளுக்குக் கொடுத்துவிட்டார். 1685 ஜூலையில் செட்ஜ்மூர் சண்டையில் மன்மத் பிரபுவின் கலகக்காரர்கள் தோற்றுப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் குடியானவரும் நெசவாளருமாவார்கள். அவர்களைப் பிடித்துச் சிறைகளில் அடைத்தார்கள். ஜெப்ரீஸ் என்கின்ற நீதிபதி வந்து அவர்களைக் கும்பல் கும்பலாய்த் தூக்கில் போட்டான். கென்னோ கலகத்தை ஒப்பாதவர். ஆனாலும் சிறை சிறையாய்ப் போய் அக்கைதிகளுக்குச் சோறு கொடுத்தவரும், அவர்களுக்காக மன்றாடியவரும் அவரே. தன் கட்சிக்காரனுக்கு இரங்குவது யாருக்கும் முடியும். எதிர்க் கட்சிக்காரன் பட்டினி கிடக்கும்போது சோறு கொண்டு போனவரைப் பற்றி நாம் ஏன் நல்ல வார்த்தை சொல்லக் கூடாது?

அடுத்த அரசன் இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கன். பார்லிமெண்டின் சட்டங்களைத் தன் இஷ்டப்படி தள்ளிவைத்து, எல்லா மதத்தாருக்கும் சலுகை என்று ஒரு பிரகடனம் போட்டு, அதைக் கோவில்களில் படிக்கும்படி உத்தரவிட்டான். 1688 மே மாதத்தில் ஏழு பிஷப்புகள் அதை மறுத்து மனுக் கொடுத்தார்கள். கென் அவர்களில் ஒருவர். ஏழு பேரையும் லண்டன் டவர் சிறையில் போட்டார்கள். ஜூன் 30-ந் தேதி ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள். ஊரே கொண்டாடிற்று. இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அரசன் சட்டத்துக்கு மேற்பட்டவனல்ல என்பது சரியே. ஆனால் அந்தப் பிஷப்புகளில் பலருக்கு மற்ற மதத்தார் சுதந்திரம் பெறுவதும் கசப்பாகவே இருந்தது.

அதே வருஷம் நவம்பரில் வில்லியம் படையோடு வந்திறங்கினான். ஜேம்ஸ் ஓடிப்போனான். வில்லியமும் மேரியும் அரசராயினர். புது அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும் என்று சட்டம் வந்தது. இங்கேதான் வேடிக்கை இருக்கின்றது. அரசன் கடவுளால் நியமிக்கப்பட்டவன், அவனை எதிர்ப்பது பாவம் என்று தலைமுறை தலைமுறையாய்ப் பிரசங்கம் செய்து வந்தவர்கள் இந்தப் பாதிரிமாரே. ஜேம்ஸுக்கும் கடவுள் சாட்சியாகப் பிரமாணம் செய்தவர்களே. இப்பொழுது ஆயிரக்கணக்கான பேர் அதே வாயால் அதே கடவுள் சாட்சியாக வில்லியத்துக்கும் பிரமாணம் செய்தார்கள். கடவுள் தம் நியமனத்தை எந்தத் தேதியில் மாற்றினார், எந்தத் தபாலில் உத்தரவு வந்தது என்று நாம் கேட்கின்றோம். எந்த அரசன் வந்தாலும் தன் கோவிலை விடாத பிரே ஊர்ப் பாதிரியைப் பற்றி அந்நாட்டு ஜனங்களே கேலிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள் என்றால் சும்மாவா?

மறுத்தவர்கள் சுமார் 400 பாதிரிகள். டவர் சிறைக்குப் போன ஏழு பிஷப்புகளிலேயே ஐந்து பேர் மறுத்தார்கள். கென் ஆரம்பத்தில் தயங்கினார். புது ராணி அவருடைய பழைய சிஷ்யை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரண்மனையும் வருமானமும் அவருக்கே. ஜேம்ஸினால் சிறைக்குப் போனவர் என்கின்ற பெயரும் கையில் இருந்தது. ஆயினும் கொடுத்த வாக்கைக் கொடுத்தவனே எடுத்துக்கொள்ள முடியாது என்று மறுத்தார். 1690-ல் பதவி போயிற்று. புத்தகங்கள் நீங்கலாகச் சாமான்களை விற்றதில் 700 பவுன் கிடைத்தது. அதை வேமத் பிரபுவிடம் கொடுத்து, வருஷத்துக்கு 80 பவுன் வாங்கிக்கொண்டு அவருடைய லாங்லீட் மாளிகையில் தங்கினார். தம்மைப்போல் பதவி இழந்த பாதிரிகளின் குடும்பங்களுக்குப் பண உதவி கேட்டதற்காக 1696-ல் அவரை அரசாங்க சபைக்கு இழுத்து விசாரித்தார்கள்.

அரசன் கடவுள் நியமனம் என்று அவர் நம்பியது மூடநம்பிக்கையே. ஜனங்களுடைய பிரதிநிதிகள் ஓர் அரசனைத் தள்ளி வேறொருவனை வைக்கலாம் என்பதே சரி. 1689-ல் பார்லிமெண்டு அப்படிச் செய்ததை நாம் ஆதரிக்கின்றோம். ஆனால் அதற்குப் பிரமாணம் எதற்கு? பிரமாணத்தை மீறத் துணிந்தவன் கூசாமல் செய்துவிட்டுப் பதவியில் இருக்கிறான். மீறக் கூடாது என்கின்றவன் மட்டுமே வெளியே போகிறான். யோக்கியனைத் தள்ளி அயோக்கியனைப் பிடித்து வைக்கிற சல்லடை இது. இருநூறு வருஷம் கழித்தும் இச்சல்லடை மாறவில்லை. 1880-ல் நார்தாம்ப்டன் ஜனங்கள் தேர்ந்தெடுத்த நாஸ்திகர் சார்லஸ் பிராட்லா, கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி கூறுகிறேன் என்றதற்காகப் பார்லிமெண்டில் அவரைச் சேர்க்க மறுத்து, மணிக்கூண்டு அறையில் அடைத்தும் வைத்தார்கள். 1886-ல்தான் உட்கார முடிந்தது. 1888-ல்தான் சட்டம் திருந்திற்று. பக்தர் கென்னுக்கும் நாஸ்திகர் பிராட்லாவுக்கும் ஒரே வாசலில் ஒரே பூட்டு!

கென்னுடைய இடத்துக்கு வந்தவர் கிடர் என்பவர். 1703 நவம்பர் பெரும் புயலில் வெல்ஸ் அரண்மனைப் புகைபோக்கி இடிந்து விழுந்து, அவரும் மனைவியும் படுக்கையிலேயே இறந்தார்கள். இதைத் தெய்வ தண்டனை என்று சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே புயலில் கடலில் மூழ்கிய ஆயிரக்கணக்கான மாலுமிகள் யாருடைய பிஷப் பதவியைப் பறித்தார்களாம்?

அப்போது ஆன் ராணி பதவியைத் திரும்பவும் கொடுக்க முன்வந்தும் கென் ஏற்கவில்லை. தம் சிநேகிதர் ஹூப்பரை அதில் உட்காரச் செய்துவிட்டு, தாமே பிஷப் என்கின்ற உரிமையையும் விட்டுக்கொடுத்தார். தம் கட்சி என்றென்றைக்கும் தனிச் சபையாய்ப் பிரிந்து நின்று சண்டை போடவேண்டும் என்ற மற்றவர்களுடைய பிடிவாதம் அவருக்குப் பிடிக்கவில்லை. ராணி 200 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தாள்.

1711 மார்ச்சு 19-ந் தேதி லாங்லீட்டில் இறந்தார். லாங்லீட் அவருடைய பழைய எல்லைக்கு வெளியே உள்ளது. எனவே, எல்லைக்குள் கிட்ட இருக்கிற ஊரில், ஆடம்பரம் ஒன்றுமில்லாமல், சூரியன் உதிக்கும் நேரத்தில் தம்மைப் புதைக்கவேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். அப்படியே புரூம் என்கின்ற ஊரில் கோவில் சுவருக்கு வெளியே, மண்ணில் புதைத்தார்கள்.