பெரிய எண்ணில் மயங்க வேண்டாம்

இமயமலை நடைப்பயணத்திற்குக் கையடக்கப் பைனாகுலர் வாங்குவோர் பலரும் உருப்பெருக்க எண்ணை மட்டுமே நோக்குகின்றனர். தவணைக்காலத்தைப் பாராமல் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கடன் பெறுவதற்கு இது ஒப்பாகும் என்பதே நம் கருத்து.

8×25 என்பதில் 8 உருப்பெருக்கம். 25 முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×25-இல் அது ஏறத்தாழ 3 மி.மீ.; 10×25-இல் 2.5 மி.மீ. மட்டுமே. நண்பகலுக்கு இது போதும். பறவைகள் இரைதேடும் விடியற்பொழுதிலோ கண்மணி விரிந்திருக்கும், காட்சி மங்கும். ஏற்றத்தில் மூச்சிரைக்கும்போது கைந்நடுக்கமும் 10 மடங்காகவே தெரியும்.

8×42 ஒளிமிக்கது, ஆயினும் பெரும்பாலும் 600 கிராமுக்கு மேல் கனக்கும். கழுத்தை வருத்தும் கருவி இரண்டாம் நாளே பைக்குள் போய்விடும். எனவே சுமையே கவலையெனில் 8×25, பறவை காண்பதே நோக்கமெனில் 8×32 எனத் தேர்வதே நன்று.

வேட்டைக்கு உகந்தது என்னும் விளம்பரத்திற்குக் கூடுதல் விலை தருவது வீண். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இங்கு வேட்டையைத் தடைசெய்துள்ளது. அப்பணத்தை நீர்புகாக் காப்புக்குச் செலவிடலாம். மலைமூடுபனியில் அதுவே கைகொடுக்கும்.