ரசீதுக்குக் கணக்குக் கேட்கிறார்கள், எங்கள் பிள்ளையின் இரத்தத்துக்கு யாரும் கேட்பதில்லை

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். நேரம் கிடைக்கும்போது முழுசா வாசியுங்கள்.

பல்கலைக்கழக ஆராய்ச்சி மானியம் என்று ஆரம்பித்தாலே "அது கெம்பஸ்காரங்க விசயம் சேர், நமக்கெதுக்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். அந்தக் காசு யாருடையது? 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். காவத்தையில் கொழுந்து எடுக்கும் அக்கா சவர்க்காரம் வாங்கும்போதும், தெரணியகலையில் பால் வெட்டும் அண்ணன் போனுக்கு ரீலோட் போடும்போதும் அந்த வரி திறைசேரிக்குப் போகிறது. அதிலிருந்துதான் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு போன்ற வழிகளில் ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது. அதுவும் சொற்பம். இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதம் அளவில்தான். நூறு ரூபாவுக்குப் பத்துச் சதம்!

அந்தப் பத்துச் சதத்துக்கு எத்தனை காவல் என்று பாருங்கள். மானியம் ஆய்வாளரின் கையில் கிடைப்பதில்லை, பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான் வரும். நிதியாளர் பிரிவு கையொப்பம் வைத்தால்தான் சதமாவது நகரும். பொருள் வாங்க விலைமனு வேண்டும். அடுத்த தவணைக்கு முன்னேற்ற அறிக்கை வேண்டும். வாங்கிய கருவி பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும். இதற்குப் பிறகு உள்ளகக் கணக்காய்வு, கணக்காய்வாளர் நாயகம், அதற்கும் மேலே பாராளுமன்றத்தின் கோப் குழு. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்படி, பொதுப்பணத்துக்கு நட்டம் ஏற்படுத்திய அதிகாரியிடமே அதை அறவிடவும் வழி இருக்கிறது.

இவை தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பொதுப்பணம் அமானிதம். அதில் ஒரு சதம் தவறினாலும் கேள்வி இருக்க வேண்டும். என் சண்டை இரண்டு விசயத்தில்தான்.

முதலாவது, இந்த விதிகளுக்கு மழை தெரியாது.

பாராளுமன்றம் ஒதுக்கும் பணத்தின் ஆயுள் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. நம் மலைகள் அந்தக் கலண்டரைப் பார்ப்பதில்லை. 2016 மே 17இல் அரநாயக்க சாமசர மலை சரிந்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹனவிலும் மண் சரிந்து உயிர்கள் போயின. 2017 மே கடைசியில் இரத்தினபுரி மூழ்கியது. மண்சரிவையோ எலிக்காய்ச்சலையோ ஆராய்பவர் மழைக்கு முன், மழையின்போது, மழைக்குப் பின் என்று தொடர்ந்து அளக்க வேண்டும். அனுமதி, விலைமனு, தவணை என்று காத்திருந்தால் மழைமானி கைக்கு வரும்போது மழை போய்விடும். பிறகு டிசம்பரில் "காசை முடிக்கணும்" என்று ஓட்டம். அரச அலுவலகத்தில் வேலை செய்த யாருக்கும் அந்த ஓட்டம் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. மேல் டிவிசனுக்கு ஏற்றிப்போகும் த்ரீவீல் தம்பியிடம் அச்சடித்த பில் புத்தகம் இருக்குமா? அட்டைக்கடியோடு வழிகாட்டும் ஐயாவிடம் பதிவு இலக்கம் இருக்குமா? ரசீது இல்லாத செலவைக் கணக்கில் காட்ட முடியாதென்றால் ஆய்வாளர் என்ன செய்வார்? வேன் போகும் இடத்தோடு நின்றுவிடுவார். றோட்டோர லயத்தில் நாற்பது படிவம் நிரப்பினால் "தோட்ட மக்கள் பற்றிய ஆய்வு" முடிந்தது. மேல் லயத்தில் இருப்பவர்களை எந்தப் புள்ளிவிபரத்திலும் தேட முடியாது.

இதை மாற்ற முடியாதா? பக்கத்து நாட்டைப் பாருங்கள். விஞ்ஞானிகள் பல வருடம் கத்திய பிறகு 2025 ஜூனில் இந்தியா ஆராய்ச்சிக் கொள்வனவு விதிகளைத் தளர்த்தியது. விலைமனு இல்லாமல் நேரடியாக வாங்கும் எல்லை ஒரு இலட்சம் இந்திய ரூபாவிலிருந்து இரண்டு இலட்சமானது. குழு மூலம் வாங்கும் எல்லை 10 இலட்சத்திலிருந்து 25 இலட்சமானது. அரசாங்க இணையச் சந்தைக்கு வெளியே விஞ்ஞானக் கருவி வாங்க உபவேந்தர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் அதிகாரம் கிடைத்தது. கணக்காய்வை அவர்கள் ஒழித்துவிடவில்லை. தாமதத்தைத்தான் குறைத்தார்கள்.

இரண்டாவது சண்டைதான் பெரியது. இந்த விதிகளில் நாங்கள் எங்கே?

சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகக் குழு நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு வந்தது. பிள்ளைகளின் உயரம், நிறை அளந்தார்கள். விரல் நுனியில் இரத்தம் எடுத்தார்கள். பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்தது ஆசிரியர்களாகிய நாங்கள். முடிவு வரும் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் ஓ.எல். எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு இரத்தம் குறைவு என்று ஒரு தாய்க்கும் இன்றுவரை தெரியாது.

அந்தக் குழு மானிய விதிப்படி எல்லாவற்றையும் சரியாகவே முடித்திருக்கும். அறிக்கை போயிருக்கும், பில் போயிருக்கும். என் கோபமே அதுதான். ஒரு தாய்க்குச் சேர வேண்டிய பதிலைக் கொடுக்காமலேயே ஒரு மானியத்தைச் சரியாக முடிக்க முடிகிறது.

"ஒழுக்கநெறிக் குழு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நல்லது. ஆய்வு தொடங்க அதன் அனுமதி வேண்டும். ஆனால் மக்களுக்குச் சொன்ன வாக்கை நிறைவேற்றினார்களா என்று பார்த்துக் கடைசித் தவணையைப் பிடித்து வைக்கும் விதியை நான் கண்டதில்லை. ஐந்நூறு ரூபா பில் தொலைந்தால் விளக்கம் கேட்கிறார்கள். ஐம்பது பிள்ளைகளின் முடிவு தொலைந்தால் கேட்பதற்கு ஆளில்லை. "சஞ்சிகையில் வந்திருக்கிறதே" என்பார்கள். ஆங்கிலச் சஞ்சிகையை எந்த லயத்தில் வாசிக்கிறார்கள்? "மொழிபெயர்க்கக் காசில்லை" என்பார்கள். இரண்டு பக்கத் தமிழுக்கு எவ்வளவு செலவாகும்? அதை ஆரம்பத்திலேயே வரவுசெலவுத் திட்டத்தில் போட்டால் போச்சு. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி.

ஆகவே என் கோரிக்கைகள்:

1. தோட்டத்திலோ கிராமத்திலோ பாடசாலையிலோ தகவல் எடுத்தால், அந்த மக்களின் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாமல் கடைசித் தவணை விடுவிக்கப்படக் கூடாது.
2. உடல்நலப் பரிசோதனை முடிவு, ஆய்வு முடியும் வரை காத்திராமல் உரியவரின் கைக்கு வர வேண்டும்.
3. உள்ளூர் வழிகாட்டி, வாகனச் செலவுக்குக் கையொப்பமிட்ட சாதாரண வவுச்சரை ஒரு எல்லை வரை ஏற்க வேண்டும்.
4. மழையோடும் பயிரோடும் சம்பந்தப்பட்ட ஆய்வுகளுக்கு, மிகுதிப் பணம் டிசம்பரைத் தாண்டியும் தொடர வழி வேண்டும்.

விதி மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் நடந்த ஆய்வுக்கு எவ்வளவு மானியம், யார் கொடுத்தது, இறுதி அறிக்கை எங்கே என்று மூன்று கேள்வி எழுதினால் போதும். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

ஒரு வேண்டுகோள். இதை வாசித்துவிட்டுத் தோட்டத்துக்கு வரும் கெம்பஸ் பிள்ளைகளை விரட்டிவிடாதீர்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெலிஹுல்லோயாவில் நமக்கொரு பல்கலைக்கழகம் இருக்கிறது, இரத்தினபுரியிலேயே அதன் மருத்துவ பீடம் இருக்கிறது. நம் மண்ணையும் நம் காய்ச்சலையும் ஆராய ஆள் வேண்டும். உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுங்கள். கையொப்பம் வைக்க முதல் மட்டும் கேளுங்கள்: முடிவு எப்போது வரும், எந்த மொழியில் வரும், யார் கையில் தருவீர்கள்? பதிலைப் படிவத்தின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதி வாங்கி, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

தோட்டத் தலைவர்மார், பள்ளிவாசல் நிர்வாகிகள், கோயில் கமிட்டியினர், பெற்றோர் எல்லோருக்கும் பகிருங்கள்.