பெயர் மாறினால் விலங்கு அறுந்துவிடுமா?

அடிமை ஒழிப்பின் வரலாறு நம் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் இரண்டு ஆண்டுகளாகச் சுருங்கிவிடுகிறது: வணிகத்தைத் தடைசெய்த 1807, அடிமைமுறையை ஒழித்த 1833. வில்பர்ஃபோர்ஸின் நாவன்மை போற்றப்படும், மானுட மனசாட்சி விழித்தெழுந்ததாக உரை முடியும், தேநீர் வழங்கப்படும். இன்றைய கொத்தடிமை முறையை எதிர்ப்போருக்கு உண்மையில் துணைநிற்கக்கூடிய ஆண்டு 1838. அதைப் பற்றி அரங்குகளில் பேச்சே எழுவதில்லை.

1833ஆம் ஆண்டுச் சட்டம் உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. அடிமைப்பட்டிருந்தோருக்கு ஒரு காசும் தரவில்லை. மாறாக, 'பயிலுநர்' எனப் பெயர் சூட்டி, வாரத்தின் பெரும்பகுதியைப் பழைய முதலாளியிடமே கூலியின்றிக் கழிக்கப் பணித்தது. கரும்புத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே முதுகு வளைந்தவர் புதிதாக எதைப் பயில வேண்டியிருந்தது?

ஜோசப் ஸ்டர்ஜ் போன்றோர் அச்சொல்லை நம்ப மறுத்தனர். 1836இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறி நேரில் சாட்சியம் திரட்டினர். ஜமைக்காவின் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற பயிலுநர், தாம் பட்ட கசையடியையும் மிதிசக்கரத் தண்டனையையும் தாமே எடுத்துரைத்த நூல் 1837இல் வெளிவந்தது. வயல் உழைப்பாளர்களுக்கு 1840 வரை நீண்டிருக்கவேண்டிய அந்த ஏற்பாடு, 1838 ஆகஸ்ட் 1 அன்றே முடிவுக்கு வந்தது. அதை வீழ்த்தியதில் இரக்கத்தைவிடப் பெரிய பங்கு, பெயருக்குப் பின்னால் இருந்த உறவை ஆராய்ந்த பிடிவாதத்துக்கு உண்டு.

இந்தப் பிடிவாதம் இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், தன் வரையறைக்குள்ளேயே படியாள், பண்ணையாள், ஜீதா, கமியா, வெட்டி என வட்டார வழக்குகளை அடுக்குகிறது. பெயர் எதுவாயினும் உறவு ஒன்றே என்பது அதன் நிலைப்பாடு. அவ்வுறவின் முதல் அடையாளமாக அது காட்டுவது முன்பணத்தை. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பையும் கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது.

ஆய்வுலகமோ எதிர்த்திசையில் நடக்கிறது. ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து தெலங்கானாவின் செங்கல் சூளைக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்வோர், கட்டுரைகளில் 'பருவகாலப் புலம்பெயர் உழைப்பாளர்' ஆகிவிடுகிறார்கள். முன்பணம் 'கடன் வசதி' ஆகிவிடுகிறது. கணவர் பெயரில் பெற்ற தொகைக்கு மனைவியும் மக்களும் சேர்ந்து மண் மிதிப்பது 'குடும்ப உழைப்பு அலகு' ஆகிவிடுகிறது. நடுநிலை என்று எண்ணி இவற்றை எழுதுவோர், 'பயிலுநர்' என்ற சொல்லை உருவாக்கிய அதிகாரிகளின் பணியையே தொடர்கிறார்கள்.

'அவர்கள் விரும்பித்தானே போகிறார்கள்' என்பது இவர்களின் வழக்கமான மறுப்பு. உச்ச நீதிமன்றம் இதற்கு 1982இலேயே விடை கூறிவிட்டது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசியும் வறுமையும் ஒருவருக்கு வேறு வழியின்றிச் செய்யும் நிர்ப்பந்தமும் கட்டாயமே. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ் வாங்கும் வேலை, அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது. நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் விருப்பத்தை எடைபோடும் ஆய்வாளர், வாங்கிய கடனை எடைபோட மறப்பது ஏன்?

சொற்களைப் பற்றிய இந்த வழக்கு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. சூளையிலிருந்து மீட்கப்பட்டவரைக் கொத்தடிமை எனப் பதிவு செய்தால் அவருக்கு விடுதலைச் சான்றும் மறுவாழ்வு நிதியும் உண்டு; கடன் செல்லாததாகிறது. 'கூலித் தகராறு' எனப் பதிவு செய்தால் அதே கடன் அடுத்த பருவத்திலும் அவரை அங்கேயே இழுத்துச் செல்லும்.

ஆகவே ஆய்வுக் களத்துக்குப் போகிறவர்கள் நான்கு வினாக்களையேனும் கேட்டாக வேண்டும். முன்பணம் எவ்வளவு? கணக்குப் புத்தகம் யார் கையில்? கூலி எப்போது தீர்க்கப்படும்? இன்றே வெளியேற விரும்பினால் முடியுமா? விடைகள் எதைக் காட்டுகின்றனவோ அதற்குரிய பெயரை எழுதவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனின் பல குடும்பங்கள், தம் தேநீர்க் கோப்பையிலிருந்த மேற்கிந்தியச் சர்க்கரையை ஒதுக்கின. ஒழிப்பாளர்களை நினைவுகூரும் நம் அரங்குகளும் தம் சுவர்ச் செங்கல் எந்தச் சூளையில், என்ன முன்பணத்தில் வெந்தது என்று கேட்கலாம்.