காட்சியில் வைத்த கைத்தொழில்

குயவரின் சக்கரம் சுழல்வதைச் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கும் காலம் வந்துவிட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்று நம் பாட்டன்மாரிடம் யாரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பார்கள். அக்காலத்தில் குயவரும் கொல்லரும் கூடை முடைவோரும் ஊருக்கு ஊர் இருந்தனர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவர்கள் வாசலில் சற்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். அவ்வாசல்கள் ஒவ்வொன்றாக மறைந்தபின், பழங்கால ஊரைப் போல அமைத்த பூங்காக்களில் அதே தொழில்களைச் செய்துகாட்டுவது உலகின் பல பாகங்களிலும் வழக்கமாகியிருக்கிறது.

இவ்வழக்கம் தொழிலுக்கு வாழ்வளிக்கிறதா, அன்றித் தொழிலாளியை உயிருள்ள பொம்மையாக்குகிறதா? இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா இதுதான். விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இத்தகைய இடங்களுக்குச் செல்லும் பெற்றோர் இதனைச் சிந்திப்பது நன்று. அட்டன், வட்டவளைப் பகுதி வாசகர்களுக்கோ இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் இதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். சுவீடன் தேசத்தில் ஆர்ட்டூர் ஹசேலியஸ் என்னும் அறிஞர் ஒருவர் இருந்தார். இயந்திரத் தொழில் பெருகப் பெருக, நாட்டுப்புற வாழ்க்கை தம் கண்முன்னே அழிந்துவருவதைக் கண்டு அவர் கவலையுற்றார். பழைய வீடுகளைப் பல மாகாணங்களிலிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து, ஸ்டாக்ஹோம் நகரத்துத் தீவொன்றில் மீண்டும் எழுப்பினார். 1891ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்த இடத்திற்கு ஸ்கான்சன் என்று பெயர். வெறும் வீடுகளை மட்டும் நிறுத்தி வைத்தால் அவை கூடுகளாகவே இருக்கும் என்று கருதிப்போலும், பழைய உடை தரித்தோரைக் கொண்டு பழைய தொழில்களையும் அங்கே நடத்திக் காட்டினார். திறந்தவெளி நூதனசாலைகள் பலவற்றுக்கும் இதுவே முன்மாதிரி ஆயிற்று.

அமெரிக்கர் இதே எண்ணத்தைக் கேளிக்கையுடன் சேர்த்துவிட்டார்கள். மிசூரி மாநிலத்தில் பிரான்சன் என்ற ஊருக்கு அருகே பெரிய குகை ஒன்று உண்டு. அதைக் காண வந்து காத்துநிற்போருக்குப் பொழுது போகவேண்டும் என்பதற்காக, 1880ஆம் ஆண்டுகளின் சிற்றூரைப் போன்ற ஒரு தெருவை 1960இல் அமைத்தனர். அதற்குச் சில்வர் டாலர் சிட்டி என்று பெயரிட்டனர். அங்கே கொல்லுலை ஒன்றும் இருந்தது. 1963இல் அச்சுற்றுவட்டாரத்துக் கைவினைஞரை அழைத்துத் திருவிழா ஒன்றும் நடத்தினர். இராட்டினங்களும் மலையேறி இறங்கும் விளையாட்டு வண்டிகளும் பின்னர் மிகுந்துவிட்ட போதிலும், கைவினைஞரை அவர்கள் கைவிடவில்லை. கேளிக்கைப் பூங்காவில் கைத்தொழிலுக்கும் இடம் உண்டு என்பதை அவ்வூர் எடுத்துக்காட்டியது.

தமிழருக்கு அண்மையில் உள்ள உதாரணம் தட்சிணசித்ரா. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், சுமார் 10 ஏக்கர் நிலத்தில் அஃது அமைந்திருக்கிறது. 1984இல் தோன்றிய சென்னைக் கைவினை அறக்கட்டளை அதனை உருவாக்கி 1996 டிசம்பரில் திறந்துவைத்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நாடுகளின் பழைய வீடுகள், இடிபடவிருந்த நிலையில் விலைக்கு வாங்கப்பட்டு, கல்லும் மரமும் கலையாமல் அங்கே மறுபடியும் கட்டப்பட்டன. செட்டிநாட்டு வீட்டின் தூண்களையும், காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். குயவர் சக்கரம் சுற்றுகிறார். கூடை முடைவோர் முடைகிறார்கள். பிள்ளைகளும் களிமண்ணில் கைவைத்துப் பார்க்கலாம்.

கைவைத்துப் பார்ப்பதில்தான் பெரிய பாடம் இருக்கிறது. குயவரின் கையில் தாமரை மொட்டுப் போல எழும்பும் மண், பிள்ளையின் கையில் கோணிச் சரிந்து விழுந்துவிடுகிறது. 'இது மிகவும் எளிது' என்று எண்ணிய முகம் அக்கணமே மாறுகிறது. நூறு பாடப் புத்தகங்கள் சொல்லியும் விளங்காத மரியாதை ஒரு பிடி மண்ணில் விளங்கிவிடுகிறது. இஃது ஒன்றற்காகவே இத்தகைய இடங்களைப் பாராட்டலாம்.

ஆயினும், அங்கே நாம் காண்பது தொழிலின் ஒரு பகுதி மாத்திரமே என்பதை மறத்தலாகாது. மண்ணைத் தோண்டிச் சுமந்து வருதல், கல்லும் வேரும் நீக்குதல், காலால் மிதித்துப் பதப்படுத்துதல் ஆகியவை எல்லாம் சக்கரத்திற்கு முந்திய வேலைகள். நம் நாட்டுப் பானை சக்கரத்தை விட்டு இறங்கும்போது பெரும்பாலும் அடிப்பாகம் இல்லாமலே இறங்கும். உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியைக் கூட்டவேண்டும். பின்னர் உலர்த்துதலும் சூளையும் உண்டு. எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு பாழ். காட்சியில் சக்கரம் மட்டும் சுழல்கிறது. மழையையும் கடனையும் யாரும் செய்துகாட்டுவதில்லை.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1886ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இந்தியாவுக்கும் குடியேற்ற நாடுகளுக்குமாக மாபெரும் கண்காட்சி ஒன்று நடந்தது. விக்டோரியா மகாராணியாரே அதைத் திறந்துவைத்தார். இந்தியக் கைவினைஞர் 34 பேர் அங்கே அமர்ந்து கம்பளம் நெய்தும் பானை வனைந்தும் காட்டினர். பரம்பரை பரம்பரையாகக் கிராமத்தில் தொழில் செய்துவந்தோர் என்று எண்ணி மக்கள் திரள் திரளாக வந்து வியந்தனர். உண்மை என்னவெனில், அவர்கள் ஆக்ராச் சிறைச்சாலையில் தொழில் பழகிய கைதிகள்! மகாராணியாரின் விருப்பப்படி ருடால்ஃப் சுவோபோடா என்னும் ஓவியர் அவர்களுட் சிலரைச் சித்திரமாகத் தீட்டினார். அச்சித்திரங்கள் இன்றும் ஆஸ்பர்ன் மாளிகையில் இருக்கின்றன. அவர்களுடைய முகங்கள் அரண்மனை ஏறின. அவர்களுடைய கதையை அன்று கேட்டவர் எத்தனை பேர்?

இலங்கைக்கும் இதில் பங்குண்டு. ஹாம்பர்க் நகரத்து மிருக வியாபாரியாகிய கார்ல் ஹாகன்பெக் என்பவர் 1880ஆம் ஆண்டுகளில் நம் தீவிலிருந்து யானைகளைக் கொண்டுசென்றதோடு நில்லாமல், ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கூட்டிச் சென்று ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். மிருகக் காட்சிச்சாலைகளின் வேலிக்குள் அவர்கள் ஆடினார்கள், பாடினார்கள், தொழில் செய்தார்கள். யானையைப் பார்த்த கண்ணாலேயே மனிதரையும் பார்த்துச் சென்றது கூட்டம்.

அங்கும் தொழில் செய்து காட்டினார்கள், முட்டுக்காட்டிலும் காட்டுகிறார்கள். அப்படியாயின் இரண்டுக்கும் வேற்றுமை யாது? செய்பவர் தம் சொந்த வாயால் தம் தொழிலைப் பற்றிப் பேசுகிறாரா, அவருக்காக வேறொருவர் பேசுகிறாரா என்பதே முதல் வேற்றுமை. அவர் செய்த பொருளுக்கு உரிய விலை அவர் கைக்குச் சேர்கிறதா என்பது அடுத்தது. அத்தொழிலை அவர் பிள்ளையோ வேறொரு மாணவனோ கற்றுக்கொண்டு பிழைக்க வழி உண்டா என்பதும் கேட்கத்தக்கது. இவை இல்லாவிடத்துக் காட்சி எவ்வளவு அழகாயிருந்தாலும், வேலி மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம்.

வட்டவளை இலங்கையில் மிகுதியாக மழை பொழியும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் அங்கே மழை பெய்வதுண்டு. அம்மழையில் படங்கைப் போர்த்திக்கொண்டு, அட்டைக் கடிக்கு நடுவே கொழுந்து பறிப்பவர்கள் நம் தாய்மார். ஆனால் உல்லாசப் பயணிகளுக்கான படங்களில் மழையும் இல்லை, அட்டையும் இல்லை. இளவெயிலில், வண்ணச் சேலையில், முதுகில் பிரம்புக் கூடையுடன் ஒரு பெண் புன்னகை செய்கிறாள். மலைநாட்டிலே சில இடங்களில் பயணிகள் தாமே சேலையுடுத்திக் கூடையை மாட்டிக்கொண்டு படம் பிடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. அக்கூடையோ, தோட்டங்கள் பலவற்றில் மலைக்கு ஏறுவதை விட்டு நெடுநாளாயிற்று. அதன் இடத்தில் சாக்குப் பை வந்துவிட்டது. கூடை முடையும் கை அருகிப்போக, கூடை மட்டும் படத்திற்காக உயிர்வாழ்கிறது.

ஆகவே, பூங்கா ஏதும் கட்டாமலேயே நாம் காட்சிப் பொருளாகிவிட்டோம் என்று சொல்லலாம். இதற்காகப் பயணிகளைக் கோபிப்பதில் பயனில்லை. நாம் செய்வது ஒரு கைவினை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாமேனும் நம் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

கொழுந்து பறித்தல் அறிவு வேண்டாத வேலை என்று எண்ணுவோர் ஒரு நாழிகை பறித்துப் பார்க்கட்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே முற்றியிருக்கின்றன, எங்கே இன்னும் சில நாள் விடவேண்டும் என்பதைக் கண் முடிவு செய்வதற்கு முன்பே விரல் முடிவு செய்துவிடுகிறது. இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் வெவ்வேறு கிளையில் ஓடுகின்றன. உள்ளங்கையில் இலையை அதிக நேரம் அமுக்கி வைத்தால் அது சூடேறிக் கன்றிவிடும். செடியின் மேற்பரப்பு மேடு பள்ளமாகாமல் மட்டம் பார்க்கவும் வேண்டும். ஆடவர் செய்யும் கவ்வாத்தும் அப்படியே. கத்தி ஒரே வீச்சில் சாய்வாக விழவேண்டும். பட்டை பிளந்தால் நீர் இறங்கிக் கிளை அழுகும். செடி பல ஆண்டுகள் பின்தங்கிப்போகும்.

சிறு கணக்கொன்று பாருங்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஒரு பெண் ஒரு நாளில் 18 கிலோ பறித்தால் 4 கிலோ தேயிலை ஆகிறது. ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் ஒரு நாள் உழைப்பு 2,000 பேருடைய தாகத்தைத் தீர்க்கிறது. இக்கணக்கைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களின் கரும்பலகையில் எழுதிவைத்தால் நன்றாயிருக்கும்.

வாட்டுதல், அரைத்தல், பதமாக நிறம் மாறவிடுதல், வறட்டுதல், சலித்துத் தரம் பிரித்தல் என்று தொழிற்சாலையில் நடப்பவற்றைப் பயணிகளுக்கு விளக்கிக் காட்டும் ஏற்பாடு மலைநாட்டில் ஏற்கெனவே உண்டு. கண்டியை அடுத்த ஹந்தானையில் 1925இல் கட்டப்பெற்ற தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலை ஆக்கப்பட்டது. பழைய இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கே இருக்கின்றன. அவை போற்றத்தக்கவையே. அந்தச் செடியை நட்ட கைகளை நினைக்கவும் ஓர் இடம் வேண்டுமல்லவா? கம்பளைக்கு அருகே பழைய லயன் ஒன்றில் 2007இல் அமைக்கப்பெற்ற தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அக்குறையைத் தீர்க்க எடுத்த முயற்சி. நம் முன்னோர் புழங்கிய பாத்திரமும் கருவியும் அங்கே சான்றாக வைக்கப்பட்டன.

பொருள்களைக் காப்பதற்கு நூதனசாலை போதும். கைப்பழக்கத்தைக் காப்பதற்கு மனிதர் வேண்டும். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டியரும் பெரியவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பயணிகள் வரும் இடங்களில் அவர்களை ஆசிரியராக அமர்த்தி, உரிய ஊதியம் கொடுத்து, அவர்கள் வாயாலேயே தொழிலைச் சொல்லச் செய்தால் என்ன? படத்திற்கு நிற்பதற்காகச் சில்லறை பெறுவதினும், பாடம் சொல்வதற்காக ஊதியம் பெறுவது எத்தனையோ மேல். மூங்கிலும் பிரம்பும் கொண்டு கூடை முடையத் தெரிந்தவர் எங்கேனும் இருந்தால், அவரிடம் நாலு பிள்ளைகளைப் பழக அனுப்பலாம். பயணிகள் விரும்புவது கூடைதானே? அதை வாங்கிச் செல்லட்டும்!

தப்பைப் பற்றியும் ஒரு சொல். மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு உயிர் அதுவே. தோலைத் தீயில் காட்டிப் பதமேற்றி, விரலால் தட்டி ஒலியைச் சரிபார்ப்பது தனிக் கலை. அதை இன்று மேடையில் ஏற்றிக் கைதட்டி வரவேற்கிறோம். அந்தத் தப்பை அடித்தவரை ஒரு காலத்தில் திண்ணையிலும் ஏற்றாதிருந்தோம். கலையைப் பாராட்டிவிட்டுக் கலைஞரை வாசலில் நிறுத்தும் பழக்கம் எந்த வீட்டிலேனும் மிச்சமிருந்தால், அவ்வீட்டார் எந்தப் பூங்காவுக்குச் சீட்டு வாங்கியும் பயனில்லை.

ஆகையால், வாசகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய இடத்துக்குச் செல்லும்போது, பிள்ளை வேடிக்கை பார்த்தவுடன் இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். "ஐயா, உங்கள் பெயர் என்ன? இதை யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். சிறியதோ பெரியதோ, பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்குங்கள். வீடு திரும்பியபின், அப்பாயியோ அம்மாயியோ கொழுந்து பறித்தவராயின், அதே கேள்வியை அவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். அந்த மூதாட்டி முதலில் வெட்கப்பட்டுச் சிரிப்பார். பிறகு விரலை மடக்கிக் காட்டி, எந்த இலையைக் கிள்ளவேண்டும், எதை விடவேண்டும் என்று சொல்லத் தொடங்குவார். பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.